எண்பத்தேழுக்கு எதிரே அழித்தது

ஸ்டேஜ் மேனேஜர் என்றால் என்ன வேலை என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள்.

"நடிக்கவும் இல்ல, பாடவும் இல்ல, வாசல்ல நின்னு டிக்கெட்டும் கிழிக்கல. பட்டம் வாங்கிட்டு இருட்டுல நின்னு அப்படி என்னதான்டி பண்றே?"

"'இப்போ'ன்னு சொல்றேன்மா."

"அதுக்கு ஒரு சம்பளமா?"

அதற்குத்தான் சம்பளம். விளக்கு அணைவதும் திரை விழுவதும் இடி இடிப்பதும் யாரோ ஒருவர் 'இப்போ' என்று சொன்ன பிறகுதான். அந்த ஒருவர் மேடையின் பக்கவாட்டு மூலையில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், ஒரு மேஜை, ஒரு குட்டி விளக்கு, காதில் ஹெட்செட்டோடு நிற்பார். எப்போது சொல்வது என்பது புத்தகத்தில் இருக்கும். ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் பென்சிலில் க்யூ, அதாவது 'இப்போ' சொல்ல வேண்டிய இடம். இந்த நாடகத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு க்யூ. எட்டு வார ஒத்திகை, நாற்பது காட்சி, அத்தனையும் என் கையெழுத்து.

அந்தப் புத்தகத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்கச் சொன்னார் நாடகக் கம்பெனி முதலாளி.

"ஆறு ஊர் டூரும்மா. லாரி, லாட்ஜ், நேரங்கெட்ட நேரத்துல சாப்பாடு. பொம்பளப் பிள்ளைய உங்க வீட்ல அனுப்புவாங்களா? நம்ம பையன் போகட்டும். நீ அடுத்ததுக்குப் பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அம்மா சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வாசல் கதவோரம் நிறுத்தியிருப்பது. சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். துணி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் 'என் பொண்ணு டூர் போறா' என்று மடிப்புக் கலையாமல் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா அந்தப் பெட்டியைக் கூடத்துக்கும் சமையலறைக்கும் இரண்டு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்ல" என்றார்.

நம்ம பையன் என்பது முதலாளியின் அக்கா மகன். பின்மேடையில் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பேர். மாமன் சொத்துக்கு நேரே வந்து இறங்குகிறவனை வேறெப்படிக் கூப்பிடுவது? வெளிநாட்டில் ஒரு வருடம் இந்த வேலையைப் படித்துவிட்டு வந்தவன். நான் நாலு வருடம் கேபிள் சுருட்டி, தரையில் நாடா ஒட்டி, நடிகர்களின் செருப்பைத் தேடிக் கொடுத்து அந்த மேஜைக்கு வந்தவள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவனோ, "சனிக்கிழமை நீங்க என் பக்கத்துலயே நில்லுங்க, ப்ளீஸ். எனக்குக் கை நடுங்குது" என்றான்.

ஒப்படைக்கும் முன்னால் நான் ரப்பரை எடுத்தேன்.

எண்பத்தேழாவது க்யூ குழி. மேடைத் தரையில் ஒரு ஆள் நீளத்துக்கு, கீழ்நோக்கித் திறக்கும் கதவு ஒன்று உண்டு. கீழே எட்டடி ஆழம். இரண்டாம் பாதியில் ராணி பின்பக்கமிருந்து நடந்து வந்து, அந்தக் கதவைத் தாண்டி, அதற்கு முதுகு காட்டி நின்று பேசுவாள். அவளுக்குப் பின்னால் கதவு திறந்து, செத்துப்போன ராஜா புகையோடு மேலே வருவார். 'இனி எனக்கென்று யார் இருக்கிறார்கள்' என்ற வசனத்துக்குக் கதவு திறக்க வேண்டும் என்பது டைரக்டர் சொன்னது. புத்தகத்திலும் அதுதான். ஆனால் ராணியாக நடிக்கிற அக்காவுக்கு நாக்கும் காலும் ஒரே வேகத்தில் ஓடாது. சில நாள் கதவைத் தாண்டிய பிறகு அந்த வசனம் வரும், சில நாள் தாண்டும் முன்பே வந்துவிடும். அதனால் ஒத்திகையிலேயே கதவு முடிகிற இடத்தில் வெள்ளை நாடா ஒட்டி, எண்பத்தேழுக்கு எதிரே சின்னதாக எழுதி வைத்திருந்தேன்: 'சொல்லைக் கேட்காதே. காலைப் பார். வெள்ளை நாடாவைத் தாண்டினால் மட்டும்.'

அந்த ஒரு வரியைத்தான் அழித்தேன். பொய்யாக எதுவும் எழுதவில்லையே என்று என்னோடு நானே வாதாடினேன். என்ன ஆகிவிடும்? வசனம் முந்திக்கொள்ளும், கதவு அக்காவின் கண்ணெதிரே வாயைப் பிளக்கும், அக்கா நின்றுவிடுவாள், காட்சி சொதப்பும், முன்வரிசையில் மாமன் தலையில் கை வைப்பார். அந்தப் படம் மட்டும்தான் என் கண்ணில் ஓடியது. ரப்பர்த் தூளை ஊதித் தள்ளினேன். சுத்தமாக இருந்தது பக்கம்.

சனிக்கிழமை மூன்று மணிக் காட்சி. அரங்கம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை மேஜையில், நான் அவன் தோளுக்குப் பின்னால், ஹெட்செட் இல்லாமல். ஹெட்செட் இல்லாத காது எவ்வளவு பெரிய காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் பாதியை அவன் நன்றாகவே சொன்னான். நாற்பத்தொன்றாவது க்யூவில் மட்டும் அரை மூச்சு தாமதம். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெட்கப்படுகிறேன், ஆனால் இருந்தது.

இடைவேளைக்கு நாலு நிமிடம் முன்பு, படியிறங்கும்போது அக்காவின் வலது கால் மடங்கியது. பார்ப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. திரை விழுந்ததும் போனேன். ஒப்பனை அறையில் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக் கட்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். நான் சொல்றேன், நிஜமாவே உங்க படி கோணல்டி."

"நடக்க முடியுமாக்கா?"

"மெதுவா நடப்பேன். புருஷன் செத்தவ ஓடியா வருவா?"

மெதுவா. நாக்கு எப்போதும் போல ஓடும், கால் பின்தங்கும். வசனம் வரும்போது அக்கா கதவுக்கு முன்னாலும் இருக்கமாட்டாள், தாண்டியும் இருக்கமாட்டாள்.

கதவின் மேலே நிற்பாள்.

மேஜைக்கு ஓடினேன். சொல்லிவிட வேண்டியதுதான், ஒரு வரி, பென்சிலால் மறுபடி எழுதினால் தீர்ந்தது. மேஜையருகே முதலாளி, மருமகன் தோளில் கை போட்டபடி.

"பிரமாதம்டா. பாத்துப் பாத்துச் சொல்றே." என்னைக் கண்டதும், "இன்னும் இங்க என்னம்மா வேலை? எல்லாம் ஒப்படைச்சாச்சுல்ல? போய் டீ குடி, போ."

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? 'அழித்ததே நான்தான்' என்பதைச் சொல்லாமல் அந்த வரியைச் சொல்ல வழியே இல்லை. ஏன் முதலிலேயே எழுதவில்லை என்பார். அதைவிட, அந்த 'போ'. நாய்க்குச் சொல்கிற 'போ'. வாயை மூடிக்கொண்டேன். எப்படியும் அவன் மேடையைப் பார்ப்பான், கண் இருக்கிறதல்லவா என்று சொல்லிக்கொண்டேன். டீ குடிக்கப் போகவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. எழுபது. எழுபத்தைந்து. எண்பது. அவன் கண் புத்தகத்திலேயே இருந்தது. படித்தவன் அல்லவா, எழுத்தை நம்புகிறான். நான் எழுதிய எழுத்தை.

"எண்பத்தேழு தயார்" என்று சிவப்பு விளக்கைப் போட்டான்.

குழிக்குள் ஹெட்செட் எடுக்காது. கீழே இருக்கும் ஆளுக்கு, நாங்கள் 'பாதாளம்' என்று கூப்பிடுகிறவருக்கு, இரண்டே விளக்குதான். சிவப்பு எரிந்தால் தாழ்ப்பாளில் கை. பச்சை எரிந்தால் இழு. மேலே யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கீழே ஒரு கேமரா மானிட்டர் வையுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். அடுத்த நாடகத்துக்குப் பார்க்கலாம் என்றார் முதலாளி. எல்லாமே அவருக்கு அடுத்ததுக்குத்தான்.

அக்கா வந்தாள். நொண்டுவதை மறைக்க ராணித்தனமாக இழுத்து இழுத்து நடந்தாள். வசனம் ஓடியது. மூன்று வரி இருக்கிறது. இரண்டு. இடது கால் கதவின் விளிம்பில். வலது காலை இழுத்து வைத்தாள். இரண்டு காலும் கதவின் மேல். வெள்ளை நாடா இன்னும் இரண்டடி தள்ளி.

மாப்பிள்ளையின் விரல் பச்சைக்கு மேல். கண் புத்தகத்தில். உதடு அக்காவோடு சேர்ந்து அசைந்தது.

"இனி எனக்கென்று..."

கத்தினால் அரங்கத்துக்கே கேட்கும். அக்கா திடுக்கிட்டு எந்தப் பக்கம் சாய்வாளோ. நான் யோசிக்கவில்லை. அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பச்சை ஸ்விட்சின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். அவன் விரல் என் புறங்கையில் வந்து இடித்தது. நல்ல அழுத்தம். நகம் பதிந்தது.

"என்ன பண்றீங்க!"

"காலைப் பாரு," என்றேன், அவன் காதுக்குள். மரியாதையெல்லாம் பறந்திருந்தது. "அவ காலைப் பாருய்யா!"

பார்த்தான். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

அக்கா தாண்டுவாள் என்று காத்திருந்தேன். தாண்டவில்லை. கால் போதும் என்று நின்றுவிட்டது. குழிக் கதவின் நட்டநடுவில், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, அந்த நீண்ட பேச்சு முழுவதையும் பேசினாள். கீழே தாழ்ப்பாளில் ஒருவர் கை. மேலே ஸ்விட்சில் என் கை. நடுவில் ஒரு பலகை. இரண்டரை நிமிடம் வரும் அந்தப் பேச்சு. என் பிடரி வேர்வை முதுகில் இறங்கி இடுப்புவரை போனதை நான் பின்தொடர்ந்தேன்.

ராஜா வரவேயில்லை. அக்கா ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்து, "வராவிட்டால் போங்கள், உயிரோடு இருந்தபோது மட்டும் வந்தீர்களா?" என்று சொந்தமாக ஒரு வசனத்தைப் போட்டாள். அரங்கம் கைதட்டியது. "எண்பத்தெட்டு, இப்போ" என்று மாப்பிள்ளை சொன்னான். இருட்டு.

நாடகம் முடிந்து அரங்கம் காலியானதும் ராஜா கீழ்வாசல் வழியாகக் கிரீடத்தோடு வந்தார். "ஒரு பொணத்த எழுப்பக்கூட ஆளில்லையா இந்தக் கம்பெனியில? புகையில இருமி நிஜமாவே சாகப் பாத்தேன்!"

அக்கா நொண்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை சொல்லியிருக்கிறான்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு," என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். "நாப்பது காட்சியில ஒரு நாள்கூடக் கீழ குனிஞ்சு பாத்ததில்லடி நான். நீ பாத்துக்குவேன்னு இருந்துட்டேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டு போட்ட காலைத்தான் பார்த்தேன்.

அவள் போனதும் மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அறிக்கை போக வேண்டும், முதலாளியிலிருந்து விளக்குப் பிரிவுவரை எல்லோருக்கும். அவன் கண் சிவந்திருந்தது.

"என் தப்பு. புத்தகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க இல்லேன்னா அவங்க..." புத்தகத்தை மூடினான். "மாமாகிட்ட பேசிட்டேன். நான் உங்களுக்கு அசிஸ்டென்டா வரேன்னு சொல்லிட்டேன். டூருக்கு நீங்கதான். மாமாவும் சரின்னுட்டார்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வாசல் கதவோரம் பெட்டி. சத்தமே இல்லாத சக்கரம்.

"அறிக்கைய நீங்களே எழுதுங்க," என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். "எனக்கு வார்த்தை வரல."

எனக்கு வந்தது. எங்கள் தொழிலில் அறிக்கைக்கு ஒரு வழக்கம்: நடந்ததை எழுது, யார் மேல் பழி என்று எழுதாதே. 'க்யூ 87 தரப்படவில்லை. நடிகை குழிக் கதவின் மேல் நின்றிருந்தார்.' அவ்வளவுதான். ஒரு சொல் பொய்யில்லை. வெள்ளிக்கிழமையும் இப்படித்தானே, பொய்யாக எதுவும் எழுதவில்லையே என்றேன்.

புத்தகத்தைப் புரட்டினேன். எண்பத்தேழுக்கு எதிரே காகிதம் லேசாகத் தேய்ந்து, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது. அதே தடத்தின் மேல் மறுபடி எழுதினேன். பிறகு அறிக்கையில் அந்த இரண்டு வாக்கியத்துக்குக் கீழே தட்டினேன்: 'காலைப் பார்த்துத் தர வேண்டும் என்ற குறிப்பு புத்தகத்தில் இருந்தது. ஒப்படைக்கும் முன் அதை வேண்டுமென்றே அழித்தது நான். இடைவேளையில் ஆபத்து தெரிந்தும் சொல்லவில்லை.' கீழே என் பெயர்.

அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"வேண்டுமென்றேவா?"

"ஆமா."

"என்னையா கவுக்கப் பாத்தீங்க?"

"உங்களத்தான்."

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். அடிப்பானோ என்று இருந்தது. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அனுப்பாதீங்க," என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு. "மாமா உங்கள எந்தக் கம்பெனியிலயும் நிக்க விடமாட்டார்."

நான் அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, என் போன் மேஜையில் துடித்தது. முதலாளி. நான் எடுக்கவில்லை. ஏனென்றால் அப்போதுதான் கவனித்தேன், மேஜையில் எண்பத்தேழின் சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அத்தனை களேபரத்தில் அதை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை.

குழிப்படியில் இறங்கினேன். பாதாளம் அங்கேயே நின்றிருந்தார். வேர்த்து ஊற்றியது. கை தாழ்ப்பாளில்.

"முக்கால் மணி நேரமா இப்படியா நிக்கிறீங்க? ராஜா போகும்போது சொல்லலையா, காட்சி முடிஞ்சுதுன்னு?"

"சொன்னான். அவன் யாரு எனக்குச் சொல்ல? சிவப்பு அணையலயே பாப்பா." கையை எடுக்காமலேயே என்னை ஏறிட்டார். "மேல ஆள் நிக்குதா?"

"இல்ல."

"நல்லாப் பாத்துட்டுச் சொல்லு."

மேலே ஏறினேன். கதவின் மேல் யாருமில்லை. சுற்றி வந்து, வெள்ளை நாடாவுக்கு இந்தப் பக்கமும் பார்த்தேன். மேஜைக்குப் போய்ச் சிவப்பை அணைத்தேன். போன் நின்று, மறுபடி துடிக்கத் தொடங்கியது.

"பாத்துட்டேன்," என்று குழிப்படியில் குனிந்து கத்தினேன். "கையை எடுங்க."