சந்து முனையில் பாவு

மூன்று வாரத்துக்கு முன்பு கிரணின் பைக் ஏறி லீலாவின் மகளுக்குக் கால் முறிந்தது. ஐந்து வயசுக் குழந்தை, இன்னும் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள். லீலா போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு நடை நடந்தாள். "பேசித் தீத்துக்குங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தெருப் பெரியவர் முருகேசனிடம் போய் அழுதாள். கிரண் யார்? தெரு முழுக்கத் தறிக்கு வேலை கொடுக்கும் முதலாளி ராஜ்குமாரின் பிள்ளை. "நான் சொல்றேம்மா" என்றவர் இன்றுவரை சொன்னபாடில்லை.

அன்று காலை தெருவில் பாவு போட்டிருந்தார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கும் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டிச் சரிபார்க்கிற வேலை. அது முடியும்வரை சந்து வழியாக வருகிற வண்டிகள் குறுக்கே நுழையாமல் சுற்றித்தான் போகவேண்டும். லீலா ஒரு மூங்கில் கழியோடு சந்து முனையில் நின்றாள். இனி இங்கே ஒரு பிள்ளைமேல் சக்கரம் ஏறக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், பாவம்.

முதலில் வந்தவன் பார்சல் கொண்டுவரும் அன்பரசு. வேலைக்குப் புதுசு, தெரு வழக்கம் தெரியாது. மெதுவாக வந்து, வண்டியை நிறுத்தி, பாவைக் கையால் தூக்கினான். கழி அவன் மணிக்கட்டில் இறங்கியது.

"அப்படிப் போடு லீலா! நாலு பேருக்குக் குடுத்தாதான் பயம் வரும்" என்றார் முருகேசன்.

அன்பரசு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மெதுவாத்தானே வந்துகினு இருந்தேன். இன்னாத்துக்குக்கா அடிச்ச?"

லீலா வாயைத் திறப்பதற்குள் சந்துக்குள் ஹாரன் அலறியது. கிரண்.

"ஜல்தி, தூக்குங்கப்பா!" முருகேசனே ஓடினார். ஏழெட்டுக் கைகள் பாவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தன. கிரண் வேகத்தைக் குறைக்காமல் அடியில் புகுந்து போனான். கழி அவள் கையில்தான் இருந்தது. அது எழவே இல்லை.

அவள் கூசிப்போய் அன்பரசு பக்கம் திரும்பினாள். "தம்பி, என் மேல கம்ப்ளெயிண்ட் குடு. அப்பவாவது போலீசு இந்தத் தெருவுக்கு வரும். நான் எல்லாத்தையும் சொல்றேன்."

"நல்லா இருக்குதுக்கா! நான் போனா என்னைத்தான் உக்கார வைப்பாங்க. பார்சல் கெடக்குது." ஒற்றைக் கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றுவழியே போனான். மன்னிப்புக் கேட்கக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

கால்மணி கழித்து மறுபடி அதே ஹாரன். கைகள் எழுந்தன. லீலா கழியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து பாவைக் கீழே இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"விடு லீலா! அறுந்துடும், முதலாளி பாவு!"

"அறுந்து போவட்டும்!"

கிரீச்சென்று பைக் ஒரு முழத்தில் நின்றது.

"இன்னாக்கா பேஜாரு? எங்கப்பா பட்டு அது!"

"பட்டுன்னா மட்டும் உனக்குப் பிரேக் புடிக்கத் தெரியுதா? என் பொண்ணு குறுக்க வந்தப்ப தெரியலியாடா?"

அவன் போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டான். முருகேசன் அருகே வந்து, இழை கெடாதபடி பதமாக, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார்.