எலி அறையில் சாம்பிராணி

சின்னராசா நுரையீரல் நிபுணரானது அறுபத்திரண்டாவது வயதில். மனைவி குணேஸ்வரி நிமோனியாவில் நுரையீரல் முழுக்க நீர் கோர்த்து, பதினொரு நாள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து இறந்துபோனாள். அதன் பிறகு, துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளைப் பராமரிக்கச் சேர்ந்தார். கூடு கழுவுவதும் தீன் போடுவதும்தான் வேலை. தன் ஊரான அன்புவழிபுரத்துச் சந்தியில் மட்டும் அதை "நுரையீரல் ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டார்.

ஆராய்ச்சி டொக்டர் அஸ்மியாவுடையது. பன்னிரண்டு எலிகளை மயக்கி, ஆறின் மூச்சுக்குழாயில் துளி அமிலம் விட்டார். மற்ற ஆறுக்கும் உப்புநீர். அமிலம் பட்ட நுரையீரல் குணேஸ்வரியுடையதைப் போலவே நீர் கோர்க்கும். உப்புநீர் பட்டது நன்றாயிருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நோயின் போக்குப் பிடிபடும்.

அன்றைக்குத்தான் குணேஸ்வரி போய் ஒரு வருசம் நிறைந்த ஆட்டத்திவசம். வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் சாம்பிராணி காட்டுவாள், கோழிக்கூட்டையும் விடமாட்டாள். காலையில் வீட்டில் படைத்துவிட்டு வந்தவருக்கு, தன் பொறுப்பிலுள்ள எலி அறையை மட்டும் விட மனம் வரவில்லை. பின்னேரம், டொக்டர் போனதும், காவலாளிக்கு மணக்கக்கூடாதென்று காற்று வெளியேற்றும் விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, தட்டு நிறையப் புகை போட்டார். எலிகள் தும்மின. தும்மல் நல்ல சகுனமில்லைதான். எலிக்கு அது பொருந்தாது என்று நிபுணர் முடிவெடுத்தார்.

அடுத்த நாள் எலிகளை அறுத்து நுரையீரல்களைப் பரிசோதித்த அஸ்மியா அவரைக் கூப்பிட்டார்.

"ஐயா, உப்புத்தண்ணி விட்டதுகளுக்கும் நுரையீரல் வீங்கிக் கிடக்கு. அதெப்படி?"

"உப்புக்காத்தாயிருக்கும் டொக்டர்."

"அப்படியெண்டா திருகோணமலையில நாங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்."

அஸ்மியா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "நான்தான் அமிலத்தை மாறி விட்டிருக்கோணும். கை நடுங்கினது எனக்கே தெரியும்."

அந்தக் கை நடுங்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர் சின்னராசா. வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் இந்தப் பெண் தன் கையை நம்பமாட்டாள்.

"நான் சாம்பிராணி போட்டனான், டொக்டர். விசிறியை நிப்பாட்டிப்போட்டு."

"நுரையீரல் ஆராய்ச்சி செய்யிற அறையிலயா?"

"ஓம். மனிசியின்ர திவசம்."

அஸ்மியா பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினார். "நடந்ததை உங்கட கையால எழுதுங்க. இந்தப் பன்னிரண்டு எலியின்ர முடிவையும் வைச்சிருக்க ஏலாது. திங்கட்கிழமை புதுசாப் பன்னிரண்டு எலி வரும்."

வேலை போகவில்லை என்று சின்னராசாவுக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. கூடுகளைக் கழுவத் தொடங்கியபோதுதான் தன் புகையால் இன்னும் பன்னிரண்டு எலி சாகப்போவது உறைத்தது.

"ஒரு தட்டுப் புகைக்குப் பன்னிரண்டு உயிரோ, மனுசா?" குணேஸ்வரி இருந்திருந்தால் குசினிக்குள் சமைத்தபடியே கேட்டிருப்பாள். கேட்க அவளில்லாததால், அவளுடைய குரலிலேயே தன்னிடம் கேட்டுக்கொண்டு, சின்னராசா பன்னிரண்டாவது கூட்டையும் தேய்த்துக் கழுவினார்.