மல்லிச் செடிக்குக் கட்டிய கோணி

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. தோட்டம் வளர்ப்பது பற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகம். ஓரத்தில் பென்சில் குறிப்பு: "1941 மார்கழி. மல்லிச் செடிக்குக் கோணி கட்டியாயிற்று. தண்ணீர் நிறுத்தம்." அதன் கீழே: "மாசி. துளிர்த்தது. புத்தகம் பொய் சொல்லாது." கையெழுத்து, வேங்கடேசன், ரிட்டையர்ட் ஓவர்சியர், திண்டிவனம். மீதியெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆண்டு திண்டிவனத்தில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டி, கிளைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று..."

(அடித்துவிட்டேன். திண்டிவனத்து மார்கழிக்கு மூக்கு ஒழுகும், அவ்வளவுதான்.)

இரண்டாவது தொடக்கம்: ஓவர்சியர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சவுரியம்மாள், அதே தோட்டத்து மூலையில் ஒரு குடிசையில் இருந்தாள். புருஷன் செத்து நாலு வருஷம். அவளுக்கு வேறு இடம் கிடையாது.

(பென்சில் குறிப்பில் இவள் இல்லை. ஆனால் ஓவர்சியர் தன் கையாலேயே கோணி கட்டினார் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். குனிந்தால் அவருக்கு வேட்டி நிற்காது.)

3

மார்கழி பிறந்தால் மல்லிச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, அடிமண்ணைக் கிளறி, எரு வைத்துத் தண்ணீர் விடுவது சவுரியம்மாளின் வழக்கம். அந்த வருஷம் ஓவர்சியர் புத்தகத்தோடு வந்து நின்றார். சீமையில் குளிர்காலத்தில் செடிகள் தூங்குமாம். போர்த்திவிட வேண்டுமாம். பங்குனி வரை தண்ணீர் காட்டக்கூடாதாம்.

"அது சீமைங்க. இங்க வெயிலு காயுதுங்களே" என்றாள் சவுரியம்மாள்.

படித்தவனுக்கே பாடம் சொல்கிறாயா என்று சிரித்தார். சர்க்காருக்கு அவர் கட்டிக்கொடுத்த மதகுகளில் பாதி...

(வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.)

மூன்று கோணி, தலை முதல் அடி வரை. பொங்கலன்று பிரித்தபோது இலையெல்லாம் கருகி, குச்சி காய்ந்து கிடந்தது. கயிற்றை இவள் சரியாகக் கட்டாததால் குளிர் உள்ளே புகுந்துவிட்டது என்று ஓவர்சியர் தீர்ப்புச் சொன்னார். மாசிக்குள் துளிர்க்காவிட்டால் குடிசையைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

4

சவுரியம்மாள் அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தது. காய்ந்ததையெல்லாம் வெட்டிப் போட்டாள். தினமும் ஓவர்சியர் மத்தியானம் குறட்டை விடும் நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, ஈரம் தெரியாமல் மேலே புழுதியைத் தூவினாள். மாசி இருபத்தைந்தில் மூன்று துளிர் வந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செடிக்காக அல்ல, குடிசைக்காக.

ஓவர்சியர் விக்கிரவாண்டியிலிருந்து தன் சிநேகிதர் நடராசனை வரவழைத்துத் துளிரைக் காட்டினார். பிறகு பென்சிலைத் தேடினார்.

5

முடிவு அ: சவுரியம்மாள் உண்மையைச் சொல்கிறாள். ஓவர்சியர் வெட்கித் தலை குனி...

(அவரா!)

முடிவு ஆ: துளிரைக் கிள்ளி அவர் முன்னால் எறிந்துவிட்டு, கம்பீரமாக வெளியே...

(எங்கே போவாள்? கம்பீரத்துக்குக் கூரை உண்டா? எனக்குக் கூரை இருக்கிறது, அதனால் இப்படியெல்லாம் எழுத வருகிறது.)

நடந்திருக்கக்கூடியது இதுதான். அடுத்த மார்கழியில் செடி இடுப்பளவு நின்றது. ஓவர்சியர் கோணிகளைக் கொண்டுவந்து போட்டார்.

"இந்த வாட்டி இறுக்கிக் கட்டு. நான் பாத்துக்கினுதான் இருப்பேன்" என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சவுரியம்மாள் கோணியைக் கையில் எடுத்தாள். கட்டினால் செடி சாகும், பழி அவள் தலையில் விழும். கட்டாவிட்டால் குடிசை இன்றைக்கே போகும்.

புத்தகத்தில் இதற்குப் பிறகு பென்சில் இல்லை. நானும் எழுதப்போவதில்லை. ஓரத்தில் நாலு வரி குறித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க ஓவர்சியருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். முடிவை நீங்களே சொல்லுங்கள். என்னிடம் அல்ல, கோணியோடு நிற்கிறாளே, அவளிடம்.