வேண்டாத புட்டிகள்

"உனக்கு வேண்டாம்னா எங்கிட்ட குடுத்துடேன்மா," என்று மாடி வீட்டு அக்கா கேட்டபோது, அவள் மொட்டைமாடிக் கொடியிலிருந்து காய்ந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். எதைக் கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. அக்கா தன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையால் தலையை நீவிக் காட்டினாள். "அதான், உன் நாத்தனார் விக்கிறாங்களே, தலைக்குப் போடுற ஐட்டம். ஷாம்பு, கிரீம், என்னென்னவோ. நீ தொடுறதே இல்ல, அலமாரியில சும்மா கிடக்குதுன்னு உன் பொண்ணு சொன்னாளாம். என் பொண்ணு சிட்டுவுக்கு அடுத்த வாரம் பாட்டுப் போட்டி. மேடை ஏறணும், தலை இப்படித் துடைப்பக்கட்டை மாதிரி இருக்குன்னு ஒரே புலம்பல்."

"பாக்குறேன்க்கா. எங்க வச்சேன்னு தேடணும்."

எங்கே வைத்திருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். படுக்கையறை அலமாரியின் மேல் தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால், ஒரு துணிப்பையில். ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் அந்தப் பை அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது. அடுத்த அறையில் யாரோ வேண்டாத ஆள் வந்து தங்கியிருப்பது போல.

துணிகளை அள்ளிக்கொண்டு கீழே இறங்கும்போது தலையில் கட்டியிருந்த துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அது ஒரு பழக்கமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் உடன் வேலை பார்ப்பவர்களிடம் சைனஸ் என்று சொல்லியிருந்தாள். ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, தலையை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று. பாவம், அவர்களும் நம்பினார்கள்.

அந்தக் கடையில்தான் அது முதலில் கண்ணில் பட்டது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பவர்கள் பக்கவாட்டிலும் பார்த்துக்கொள்ள வசதியாக மூன்று மடிப்பு நிலைக்கண்ணாடி ஒன்று மேசைமேல் இருக்கும். ஒரு கிழவரின் கண்ணாடிச் சட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்தபோது மணியளவு திருகாணி கை தவறி விழுந்தது. குனிந்து தேடிவிட்டு நிமிரும் நேரத்தில், ஒரு மடிப்புக்குள் இன்னொரு மடிப்பாக, யாருடைய உச்சந்தலையோ தெரிந்தது. நடுவில் வெள்ளையாக, வழவழவென்று, குழந்தையின் உள்ளங்காலைப் போல ஓர் இடம். யாருக்கோ பாவம் என்று ஒரு கணம் நினைத்தாள். கடையில் அப்போது அவளையும் அந்தக் கிழவரையும் தவிர யாருமில்லை. கிழவருக்கோ தலை முழுக்கப் பஞ்சு போல முடி.

தோல் டாக்டர் தலையிலிருந்து ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். "நீங்க போட்ட கிரீமாவும் இருக்கலாம். உடம்புக்குள்ள வேற ஏதாவதாவும் இருக்கலாம். ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் எதையும் போடாதீங்க," என்றார். வேற ஏதாவது என்றால் என்ன என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. டாக்டரும் தானாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்கள் கூடவே நடந்து வந்தன. லாரியோடு வெளியூர் போயிருந்த கணவனிடம் போனில் சொல்லலாமா என்று யோசித்து, ஓட்டும் நேரத்தில் எதற்குக் கலவரப்படுத்துவது என்று விட்டுவிட்டாள். மகளிடமும் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுக்காரிக்கு இருக்கிற கவலையே போதும்.

கிரீம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அதை விற்கும் நாத்தனாரின் தலையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. போன முறை வந்திருந்தபோது கூட இடுப்புவரை தொங்கும் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, "பாருங்க அண்ணி, வேற எதுவுமே போடுறதில்ல, இது மட்டும்தான்," என்றாள். உருண்டு திரண்ட பின்னல். அதைப் பார்த்த பிறகுதான் தன் உடம்பின்மேல் அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. ஒரே கிரீம், ஒரே ஷாம்பு. அவளுக்கு வளர்கிறது, எனக்குக் கொட்டுகிறது என்றால், கோளாறு எங்கே இருக்கிறது?

ஒருமுறை பையை அப்படியே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். திரும்பி நாலடி நடப்பதற்குள், குப்பை அள்ள வந்த பெண் ஒரு புட்டியை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்து, முகம் மலர்ந்து இடுப்பில் செருகப் போனாள். அவள் ஓடிப்போய்ப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். "தப்பாப் போட்டுட்டேன்மா, வேணும்." அந்தப் பெண் பார்த்த பார்வை! கொடுக்க மனசில்லாத மகராசி என்று சொல்லாமல் சொன்ன பார்வை. கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். ஆனால் நாத்தனார் வந்தால் அலமாரியைத் திறப்பாள், தீர்ந்துவிட்டதா என்பாள், இன்னொரு செட் எடுத்து வைப்பாள். அதுகூடப் பெரிதில்லை. அந்தப் புட்டிகள் வீட்டில் இருக்கும்வரைதான் பழியை அவற்றின்மேல் போட்டுவைக்கலாம். அவையும் போய்விட்டால் மிஞ்சுவது அவள் உடம்பு மட்டும்தான்.

இப்போது அக்கா கேட்டுவிட்டாள். கொடுக்காவிட்டால் கஞ்சத்தனம். காரணம் சொன்னால் தலையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். அந்தச் சேதி மாடிப்படி இறங்குவதற்குள் தெருவைச் சுற்றி நாத்தனார் காதுக்குப் போய்விடும், பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டாய் என்று புகுந்த வீடே திரண்டு வரும். பேசாமல் கொடுத்துவிட்டால் என்ன? கிரீம் நல்லதாகவே இருக்கலாம். சிட்டுவுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆகாவிட்டால் கோளாறு தனக்குத்தான் என்றும் தெரிந்துபோகும். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று திடுக்கிட்டு, துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஊரான் பிள்ளையின் தலையை வைத்துப் பார்க்க நினைத்திருக்கிறாள்.

வேண்டாம் என்றே சொல்லிவிடுவது, என்ன வந்தாலும் வரட்டும் என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். போர்வைகளை ஒதுக்கிப் பையை எடுத்தாள். எடுத்த கை தானாகவே நின்றது. பை இலேசாக இருந்தது.

கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். ஷாம்பு புட்டி, எண்ணெய், சீரம் எல்லாம் அப்படியே. சுருள் முடியை நீட்டி நேராக்கும் கிரீம் மூன்று டப்பா இருக்க வேண்டும். ஒன்று இல்லை. ஒன்று சீல் பிரிக்காமல் இருந்தது. இன்னொன்றின் மூடியைத் திறந்தாள். பழச்சாறும் பெயிண்டும் கலந்த மாதிரி அந்த வாடை குப்பென்று வந்தது. முன்பு அவள் எடுத்துப் பூசிய ஓரத்துக்கு எதிர் ஓரத்தில், மெலிந்த விரல் ஒன்று வழித்தெடுத்த தடம்.

மகள் கூடத்தில் தரையில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நீ போட்டியா?"

"நீதான் யூஸ் பண்றதே இல்லயேம்மா."

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவதான். கொஞ்சூண்டு." குரல் இறங்கியது. "கிளாஸ்ல எல்லாரும் ஸ்பிரிங் ஸ்பிரிங்னு கூப்பிடுறாங்க. பின்னாடி உக்காந்திருக்கிறவ இழுத்து இழுத்து விடுறா. அது திரும்பச் சுருண்டுக்குதாம், சிரிக்கிறாங்க."

இன்னொரு நாளாக இருந்தால் அவள் அந்தப் பின் இருக்கைக்காரியைப் பற்றிக் கேட்டிருப்பாள். இப்போது மகளின் தலையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "வலிக்குதும்மா," என்று மகள் சொன்னதும் கைப்பிடி எவ்வளவு இறுகியிருந்தது என்று தெரிந்தது. வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். காதுக்கு மேலே தோல் சிவந்து, பொரிப்பொரியாக உதிர்ந்துகொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறதா, அல்லது அவள் கண்தான் அப்படிப் பார்க்க ஆசைப்படுகிறதா? கண்ணாடிக் கடைக்காரி, அவளுக்கே தன் கண்ணை நம்ப முடியவில்லை.

"எரிஞ்சுதா?"

"போடுறப்ப கொஞ்சம். ஏம்மா இப்படிப் பாக்குற? திட்டிட்டாவது விடேன்."

அவள் திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, மகளின் முன்னால் தலையைக் குனிந்தாள். பெற்ற பிள்ளையின் முன்னால் இப்படிக் குனிந்து உட்கார்ந்திருப்பது, தப்பு செய்து மாட்டிக்கொண்டவளைப் போல இருந்தது. பிறகு ஒரு விரல் அந்த வழவழப்பான இடத்தின் ஓரத்தைத் தொட்டது. தொட்டவுடன் எடுத்துக்கொண்டது.

"அம்மா, இது இதனாலயா?"

"தெரியலடா குட்டி. டாக்டருக்கே தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் மடியில் கிடந்த துணியை எடுத்துத் தரையில் வைத்தாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டின் ஓரத்தை மடக்கி மடக்கி நிமிர்த்தினாள். சொல்ல ஏதோ பாக்கி இருக்கிறது என்று அந்த விரல்களைப் பார்த்தே தெரிந்தது.

"இன்னொரு டப்பா எங்க?"

"சிட்டுகிட்ட." மகள் அழ ஆரம்பித்தாள். "அவளும் பாவம்னு நான்தான் குடுத்தேன். அத்தையோட கிரீம்தானேன்னு குடுத்தேன்."

கொடுக்கலாமா வேண்டாமா என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த பொருள் எப்போதோ மாடி ஏறிவிட்டிருந்தது. அக்காவிடம் போய் என்னவென்று சொல்வது? உறுதியாக ஒரு வார்த்தையாவது கையில் வேண்டும். படுக்கையறைக்குப் போய்ப் போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி."

"அந்த நீட்டுற கிரீம்ல என்னதான் கலக்குறாங்க? உனக்கு ஏதாவது தெரியுமா?"

எதைக் கேட்டாலும் மூச்சு விடாமல் பேசுகிறவள் நாத்தனார். இப்போது போனில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக. "உங்களுக்கும் கொட்டுதா?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உன் பின்னல்?"

"சவுரி அண்ணி. சவுரி வச்சுக்கிட்டுதான் வெளிய தலைகாட்டுறேன். உள்ள ஒண்ணும் இல்ல. வீடு பூரா பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கேன், யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?" அழுகிறாளா என்று தெரியவில்லை. "யாருக்காவது குடுத்தீங்களா? அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

பல நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்த பயம் ஒன்று அந்த நொடியில் விட்டுப்போனது. உடம்புக்குள் வேறு எதுவும் இல்லை போலிருக்கிறது. அதை உணர்ந்து ஒரு மூச்சு விடக்கூட நேரம் கொடுக்காமல் அடுத்த பயம் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு மாடிப்படி ஏறினாள். பின்னாலேயே மகளின் காலடியும் கேட்டது.

கதவைத் திறந்த அக்கா இவள் கையைத்தான் முதலில் பார்த்தாள். "என்னம்மா, தேடினியா? கிடைக்கலன்னா விடு. உன் பொண்ணு முன்னாடியே ஒண்ணு குடுத்திருக்கா, இந்தச் சிட்டு எங்கிட்ட மூச்சு விடல, கழுத. இன்னிக்கு ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்னு பூசிக்கிட்டு உக்காந்திருக்கா."

"எப்ப பூசினா?"

"இப்பதான், கொஞ்ச நேரம் ஆச்சு. அரை மணி நேரம் ஊறணுமாமே?"

சிட்டு சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் பிளாஸ்டிக் உறை. காதில் இயர்போன். கண்ணை மூடிக்கொண்டு, போட்டிக்கான பாட்டை வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை அறை முழுக்க நின்றது. இவள் தோளைத் தொட்டதும் சிட்டு கண்ணைத் திறந்தாள்.

"எரியுதா?"

"லேசா ஆன்ட்டி. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்."

சிட்டுவின் கையைப் பிடித்து எழுப்பிக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "என்னாச்சு, ஏம்மா இழுக்குற, சொல்லிட்டுச் செய்யேன்," என்று அக்கா பின்னாலேயே வந்தாள். குழாயடியில் சிட்டுவைக் குனிய வைத்து, உறையைப் பிய்த்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் நூல் போலத்தான் வந்தது. இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி ஊற்றினாள். கிரீம் போகாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. சிட்டு கண்ணில் பட்டுவிட்டது என்று கத்தினாள். "ஏதாவது சொல்லித் தொலையேன்," என்று ஆரம்பித்த அக்காவின் குரல் பாதியில் நின்றுபோனது.

ஏன் நின்றது என்று அவளுக்கு உடனே புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தன் மகளைப் பார்க்கவில்லை, இவளுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி கீழே கூடத்திலேயே கிடக்கிறது.

"இதாலயா?" என்றாள் அக்கா. அவள் தலையசைத்தாள். அக்கா வாளியை இழுத்து, செம்பில் தண்ணீரை முகந்து மகளின் தலையில் ஊற்ற ஆரம்பித்தாள். செம்பு விளிம்பு வாளியில் டக்டக்கென்று இடித்துக்கொண்டேயிருந்தது.

"ஆன்ட்டி, போயிருச்சா?" என்று கேட்டாள் சிட்டு, குனிந்தபடியே. "நான் நிமிரலாமா?"

"இரு கண்ணு. இன்னும் கொஞ்சம்."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் நின்றிருந்தாள். செம்புத் தண்ணீர் விழ விழ கிரீம் கரைந்து ஓடியது. சிட்டுவின் ஈரமான முடிக்குள் அவளுடைய பத்து விரல்களும் புதைந்திருந்தன. அவற்றை வெளியே எடுக்காமல், எடுத்துப் பார்க்காமல், அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.