இஸ்திரி அறைக் கதவு

விளையாடி முடிக்கும்வரை நாங்கள் எந்த விளக்கமும் சொல்லக் கூடாது. வந்தவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். "பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாதான் புரியும்னா அந்த கேமை எவன் வாங்குவான்?" என்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

கேம்களை வாங்கி வெளியிடும் நிறுவனத்தின் தேர்வாளர் அவர். அவர் சரி என்றால் நானும் தம்பியும் சேர்ந்து செய்தது உலகத்துக்குத் தெரியும். வேண்டாம் என்றால் தம்பி பழைய வேலைக்குப் போய்விடுவான். எனக்குத்தான் போக்கிடமில்லை. நான் விட்டுவந்த கணவன் வீட்டிலிருந்து, "என்ன, கிழிச்சிட்டியா?" என்று ஒரு குரல் ஃபோனில் வரும். அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும் எனக்கு.

ஆஸ்பத்திரியின் அடித்தளச் சலவைக்கூடத்தில் ஒரு பெண் தனியாக மாட்டிக்கொள்கிறாள். கூட ஒரு ஜந்து அலைகிறது. அவ்வளவுதான் கதை. படம், நடை, வெளிச்சம் எல்லாம் தம்பி. சத்தம் நான்.

தேர்வாளர் திரையில் அந்தப் பெண்ணின் கையிலிருந்த கம்பியை வீசிப் பார்த்தார். "என்னப்பா இது, தண்ணிக்குள்ள வீசற மாதிரி இருக்கு!" ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். "இந்த வழியில இப்பதானே வந்தேன்? பல்பை மாத்திட்டா வேற வழியா?" துணிக்குவியல்களைப் புரட்டி உள்ளே கிடந்த பிணங்களைப் பார்த்தார். "எல்லாப் பொணத்துக்கும் ஒரே மூஞ்சியா?" திரும்பித் தம்பியைப் பார்த்தார். "அட, உன் மூஞ்சி!"

"சும்மா கெடச்சது இது ஒண்ணுதான் மேடம்."

"பேசாதேன்னேன்ல."

தம்பி உதட்டைக் கடித்தான். குறை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்த குறை. ஒன்றும் மறைக்க முடியாது.

பிறகு அவர் பேச்சு நின்றது. தோள்கள் மெல்லக் காதுப் பக்கம் ஏறின. ஜந்து தள்ளிவரும் வண்டிச் சக்கரத்தின் கிறீச் அவருக்குக் கேட்கத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஜந்துவை ஒழுங்காக நடக்கவைக்க எங்களுக்கு வக்கில்லை. அதனால் இருட்டில் வைத்துவிட்டோம். சத்தம் மட்டும்தான் வரும். வரும் சத்தத்தைவிட நிற்கும் சத்தத்துக்குத்தான் நான் அதிகம் உழைத்தேன். செருப்புச் சத்தம் படியேறி வருவது பயமில்லை. கதவுக்கு வெளியே அது நிற்கிறதே, அதுதான் பயம். இதை நான் எந்தப் படிப்பிலும் படிக்கவில்லை.

தேர்வாளர் சலவைக்கூடத்தின் இஸ்திரி அறைக்குள் ஓடினார். கதவைச் சாத்தினார்.

தம்பி என் கையைக் கிள்ளினான். அவன் முன்னால் இருந்த சின்னத் திரையில் முழுக் கட்டடமும் மேலிருந்து தெரியும். ஜந்துவைக் காட்டும் சிவப்புப் புள்ளி, கதவு நிலைக்குள் பாதி புதைந்து துடித்துக்கொண்டிருந்தது. "மாட்டிக்கிச்சுக்கா," என்றான் காதருகே. "கதவு இனி திறக்காது."

இத்தனை மாதமாக எங்கள் கண்ணில் இது படவே இல்லை. ஏனென்றால் நாங்கள் அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை. அடுத்து எங்கே ஓட வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். சாத்துவது வீண் வேலை. பயந்தவர்கள்தான் கதவைச் சாத்துவார்கள். எங்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. மற்றவர்களை விடுங்கள், நான் எப்படி அதை மறந்தேன்?

தேர்வாளர் கைப்பிடியை அழுத்தினார். திறக்கவில்லை. காத்திருந்தார். கழுத்தில் வேர்வை இறங்கியது. மறுபடி அழுத்தினார். காத்திருந்தார். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"வெளியவே நிக்குதா இன்னும்? அடப்பாவிங்களா. இவ்வளவு நேரம் பார்த்ததுலயே இந்த எடம்தான் உசிரோட இருக்கு. வேணும்னே செஞ்சதா?"

"ஆமா மேடம்," என்றான் தம்பி சட்டென்று.

நானும் தலையாட்டியிருக்கலாம். ஆனால் நான் விட்டுவந்த அந்த வீட்டில் என் அறைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. கைப்பிடி எப்போதும் திறக்கும். திறக்கலாம் என்பதுதான் என்னை உள்ளேயே வைத்திருந்தது.

"இல்ல மேடம். அது கோளாறு. கதவு திறக்கணும்."

தம்பி என்னை முறைத்தான்.

"திறந்தா பயம் போயிடுமே," என்றார் அவர்.

"போகாது."

அவர் எழுந்தார். "சரி பண்ணுங்க. டீ குடிச்சிட்டு வரேன். வந்து ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன்."

"உனக்கு நாக்குல சனிக்கா," என்று புலம்பிக்கொண்டே தம்பி வேலை செய்தான். ஜந்துவைக் கதவு நிலையிலிருந்து தள்ளி நிற்கவைத்தான்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஓடினார். சாத்தினார். சிவப்புப் புள்ளி வந்தது, நின்றது. பிறகு மெல்ல விலகிப் போய்விட்டது. இனி வழி காலி. அவர் விரல் கதவைத் திறக்கும் விசைமேல் இருந்தது. அழுத்தவில்லை.

"போயிடுச்சா?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறக்கவில்லை. "திறக்கும்ல?" அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

விரலை எடுத்துவிட்டார். "முடியலம்மா. திறக்கும்னு தெரிஞ்சே கை போக மாட்டேங்குது." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "எடுத்துக்கறோம். மத்ததை எல்லாம் திட்டறவன் திட்டட்டும்."

தம்பி நாற்காலியோடு என்னைக் கட்டிக்கொண்டான். அவன் தோளுக்கு மேலே திரை தெரிந்தது. அந்தப் பெண் இன்னும் உள்ளேயேதான் நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டி நானே விசையை அழுத்தினேன்.