காலியான கார் ஷெட்

சிற்பம் படித்து முடித்த அண்ணன் மகளுக்குக் கல்லூரிப் பட்டறையும் இல்லாமல் போனதும், அத்தை தன் கார் ஷெட்டை மனமுவந்துதான் திறந்துவிட்டாள். ஆனால் கொஞ்ச நாள்கூடப் பொறுக்கவில்லை. "வீடு பூரா மண்ணு. இதெல்லாம் சோறு போடுமா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினாள். அது காதில் விழுந்த அன்றே அந்தப் பெண் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிறகு ஒரு துணிக்கடையில், கண்ணாடிக்குள் நின்று பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் அத்தை நேராக உள்ளே போனாள்.

"ஷெட்டைக் கழுவி, லைட்டெல்லாம் போட்டு வச்சிருக்கேன். வந்துடும்மா."

"வேலை முடிஞ்சா நிக்கக்கூடத் தெம்பில்லை அத்தை. மண்ணைத் தொடுறதையே விட்டுட்டேன். என் ஜூனியர்ஸ் ரெண்டு பேரு இடமில்லாம அல்லாடுறாங்க. அவங்களுக்குக் குடுங்களேன்."

குரலில் துளி கோபமில்லை. அதுதான் அத்தையைச் சுட்டது.

மறுவாரமே அந்த இருவரும் வந்தார்கள். அத்தை சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டாள். தங்கமான பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் "அத்தை" என்று கூப்பிடும்போதெல்லாம் அவள் கண் அண்ணன் மகளைத் தேடி வாசலுக்குப் போனது.