ஜெபமாலை இருமல்

மனைவியின் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாலை, வீட்டில் மறுபடி ஜெபமாலை தொடங்கியபோதுதான் லிஃப்ட்காரருக்கு அந்த இருமல் முதன்முதலாக வந்தது. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது.

அந்த வீட்டில் ஜெபமாலையில் ஆளுக்குப் பத்து மணி முறை. முன்னால் சொல்பவர் ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். முதல் பத்து குடும்பத் தலைவரான லிஃப்ட்காரருடையது. அதைத் தொடங்கிவைக்கும் இயேசு கற்பித்த ஜெபத்தில், "உமது ஆட்சி வருக" வரை அவர் குரல் கணீரென்று போகும். "உமது திருவுளம்" என்று வரவேண்டிய இடத்தில் ஒரு இருமல் கிளம்பும் பாருங்கள், மேசைமேல் இருக்கும் புனிதர் சுரூபங்களே ஆடிப்போகும். இருமி முடிப்பதற்குள் அந்த வரியும் போயிருக்கும். மகள் "எங்கள் அன்றாட உணவை" என்று பிடித்துக்கொண்டே தண்ணீர் டம்ளரை நீட்டுவாள்.

மனைவி மூன்று வாரக் காய்ச்சலில் போனவள். அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழந்தாளில் நின்று கேட்டவர் அவர். கேட்டது கிடைக்கவில்லை. அதற்கப்புறம் 'உம் விருப்பப்படியே ஆகட்டும்' என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பொய்யாகச் சொல்லவும் பயம், வெளிப்படையாக விடவும் பயம். இருமல் நடுவில் வசதியாக இருந்தது.

அவள் ஜெபம் சொல்லும் அழகே தனி. "அருள் நிறைந்த மரியே வாழ்க, அடுப்பைச் சின்னதா வைங்க, ஆண்டவர் உம்முடனே" என்று ராகம் மாறாமல் போவாள். லிஃப்ட்காரரின் அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

"மாதாவையா அடுப்பைப் பார்க்கச் சொல்றே?"

"மாதா வீட்லயும் அடுப்பு இருந்திருக்கும், அண்ணி."

இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள அக்காவே வந்துவிட்டாள். வந்தவள் இருமலைச் சும்மா விடுவாளா? இஞ்சி, தேன், வெந்நீர் ஆவி, நெஞ்சில் தைலம் என்று ஆறு மாதம் விரட்டினாள். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் குடித்தார், பூசிக்கொண்டார். இருமல் அசையவில்லை. கடைசியில் ஒரு நாள், "நெஞ்சுப் படம் எடுத்தே ஆகணும், கிளம்பு" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

படம் எடுக்கும் அறை நாலாவது மாடியில். அக்கா வாழ்நாளில் லிஃப்டில் ஏறியதில்லை. மூட்டுவலியோ படியேற விடவில்லை.

"போன வாரம் நானே பார்த்த லிஃப்ட்தான்க்கா. தைரியமா வா."

இரண்டாவது மாடி தாண்டியதும் மின்சாரம் போனது. பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. தலைக்குமேல் சின்ன விளக்கு ஒன்று மட்டும் எரிந்தது. அவர் மணியை அழுத்தினார். வெளியே காவலாளி கத்தினார்: "பயப்படாதீங்க! மெக்கானிக்குக்கு போன் போட்டாச்சு!"

லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"ஹலோ... ஆமாம்பா, மெக்கானிக்தான். வந்துட்டேன். உள்ளதான் இருக்கேன்."

மேலே இயந்திர அறைக்கு வேறு ஆள்தான் போகவேண்டும். கூட வேலை செய்பவரைப் போனில் கூப்பிட்டார். அரைமணி ஆகும் என்றார் அவர்.

அக்கா அவர் கையைப் பிடித்த பிடியில் ரத்த ஓட்டமே நின்றது. "டேய், ஜெபமாலை சொல்லு."

"நீ சொல்லுக்கா."

"பயத்துல எனக்கு முதல் பாதி மறந்தே போச்சு. நீ ஆரம்பி!"

தப்பிக்க வழியில்லை. ஆரம்பித்தார். "...உமது ஆட்சி வருக." அப்புறம் இருமினார்.

"இருமாதே! பெட்டி ஆடுது!"

மறுபடி ஆரம்பித்தார். அதே இடத்தில் நின்றார். இருமவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை.

"அக்கா, எனக்கு இருமலே இல்லை. அந்த வரி வரமாட்டேங்குது. அவ போனதிலிருந்து."

அக்கா பயத்தைக்கூட மறந்துவிட்டாள். "அப்ப ஆறு மாசமா நான் இடிச்ச இஞ்சி?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"எருமை!" என்றாள். அவர் தோளில் ஒரு அடி போட்டாள். பிறகு, "கோபம்னா கோபம்னு அவர்கிட்டயே சொல்லித் தொலையேன். இருமிக் காட்டி ஏமாத்த ஆண்டவர் என்ன டாக்டரா?"

அவர் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தார். அவருக்குப் பேசத் தெரிந்ததெல்லாம், நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளிப்பக்கம் நின்று பேசுவதுதான். இன்று உள்ளே இருப்பது அவர்.

"ஆண்டவரே, நீர் செஞ்சது எனக்குப் பிடிக்கல. இன்னமும் பிடிக்கல. ஆனா உம்மை விட்டா நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல மண்ணுலகிலும் நிறைவேறுக."

"எங்கள் அன்றாட உணவை" என்று அக்கா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

ஜெபமாலையின் ஏழாவது மணியில் பெட்டி நகர்ந்து, கதவு திறந்தது. வெளியே கூட்டம். அக்கா ஒரு கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள்.

"இருங்க. இன்னும் மூணு பாக்கி."

படம் எடுக்காமலே, படி வழியாக இறங்கி வீட்டுக்கு வந்தார்கள்.

அன்று மாலை மகள் வழக்கம்போல் டம்ளரோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். அவர் ஆரம்பித்தார். "உமது ஆட்சி வருக. உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல, பால் பொங்குது, யாராவது பாருங்க, மண்ணுலகிலும் நிறைவேறுக."

ராகம் மாறவில்லை. மகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள்.

அக்கா திட்டப்போகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவளோ முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள்.